ஹார்னடேயும் பைசனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் காட்டுயிர்களுக்காகப் போராடிய முதல் தலைமுறையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜான் மியூர், தியோடர் ரூஸ்வெல்ட் என்ற இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் சில வருடங்களாக வில்லியம் டெம்பிள் ஹார்னடே என்பவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் கோபத்தோடு கேட்பார்கள், அந்தக் கோபம் நியாயமானதுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஹார்னடே?

1854 டிசம்பர் 1 அன்று இண்டியானா மாநிலத்தில் பிறந்து, அயோவாவில் வளர்ந்தவர். தொழில், செத்த விலங்குகளைப் பாடம் செய்வது. நம் ஊர் ஜமீன் மாளிகைகளில் பாடம் செய்த புலித்தலையைப் பார்த்திருப்பீர்களே, அந்த வேலைதான், ஆனால் அருங்காட்சியகங்களுக்காக. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளைச் சேகரித்து விற்கும் ஒரு நிறுவனத்தில் 1873-ல் சேர்ந்தார். 1882-ல் வாஷிங்டனில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தலைமைப் பாடம் செய்பவராகப் போனார். 1896 முதல் 1926 வரை முப்பது வருடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலைக்கு இயக்குநர். 1937 மார்ச் 6 அன்று 82 வயதில் இறந்தார்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒரு அரசு அலுவலரின் வாழ்க்கை மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் 1886 என்று ஒரு வருடம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பைசன் என்றால் நம் காட்டெருமைதானே?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் காட்டுமாட்டை வெள்ளைக்காரர்கள் "இந்தியன் பைசன்" என்று எழுதிவைத்துவிட்டார்கள், நாமோ அதையே காட்டெருமை என்கிறோம், இத்தனைக்கும் அது எருமையே கிடையாது. அமெரிக்கப் பைசன் வேறு விலங்கு. முன்பக்கம் பெரிய திமில், தலையிலும் தோளிலும் தாடியிலும் அடர்ந்த கம்பளி மாதிரி மயிர், பின்பக்கம் பார்த்தால் சின்னது. வாழ்வது காட்டில் அல்ல, திறந்த புல்வெளியில். அமெரிக்கர்கள் அதை "பஃபலோ" என்று கூப்பிட்டுக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டார்கள். நான் இங்கே பைசன் என்றே எழுதுகிறேன்.

எத்தனை பைசன்கள் இருந்தன? எப்படி அழிந்தன?

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்னால் 3 கோடி முதல் 6 கோடி வரை இருந்திருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரயில் பாதை போட்ட காலத்தில்கூட மந்தை கடந்து முடியும்வரை ரயில்கள் நின்று காத்திருந்திருக்கின்றன.

அப்புறம் எல்லாம் ரொம்ப வேகமாக நடந்தது. 1869-ல் கண்டத்தின் குறுக்கே போட்ட ரயில் பாதை பைசன் கூட்டத்தைத் தெற்கு மந்தை, வடக்கு மந்தை என்று இரண்டாக வெட்டியது. 1871 வாக்கில் பைசன் தோலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வார் போடுகிற கெட்டித் தோலாகப் பதனிட முடியும் என்று தோல் பதனிடுபவர்கள் கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு புல்வெளியில் இறங்கினார்கள். தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். எலும்புகளைப் பின்னால் வேறு ஆட்கள் வந்து பொறுக்கி, உரத்துக்கும் சர்க்கரையை வெள்ளையாக்கும் ஆலைகளுக்கும் வண்டி வண்டியாக அனுப்பினார்கள்.

இதில் தோல் வியாபாரம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைசனை நம்பி வாழ்ந்தவர்கள் அந்தப் புல்வெளியின் பூர்வகுடி மக்கள். சாப்பாடு, கூடாரம், உடை, கருவி, வழிபாடு எல்லாமே அந்த ஒரு விலங்கைச் சுற்றித்தான். பைசன் ஒழிந்தால் இவர்கள் தானாக அடங்குவார்கள், அரசு ஒதுக்கிய நிலத்துக்குள் ஒடுங்குவார்கள் என்று ராணுவ அதிகாரிகள் வெளிப்படையாகவே கணக்குப் போட்டார்கள். 1883-84 குளிர்காலத்தில் மொன்டானாவில் பிளாக்ஃபீட் மக்கள் நூற்றுக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள்.

1883 இலையுதிர்காலத்தில் மொன்டானாவின் தோல் வேட்டைக்காரர்கள் வழக்கம்போல வண்டி, ரவை, மாவு எல்லாம் கடனுக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பைசனே இல்லை. மந்தை வடக்கே கனடாப் பக்கம் போயிருக்கும், திரும்பி வரும் என்றே நம்பியிருக்கிறார்கள். தாங்கள்தான் கடைசி வரை சுட்டுத் தீர்த்துவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. இதை எழுதிவைத்தவர் ஹார்னடேதான்.

அப்படியானால் 1886-ல் என்ன நடந்தது?

அருங்காட்சியகத்தில் பைசன் மாதிரிகள் எவ்வளவு இருக்கின்றன என்று ஹார்னடே கணக்குப் பார்த்தார். பழைய தோல்கள் கொஞ்சம் இருந்தன, பார்வைக்கு வைக்கிற தரத்தில் ஒன்றும் இல்லை. மேற்கு மாநிலங்களில் இருந்த ராணுவ அதிகாரிகள், பண்ணைக்காரர்கள், வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டு, உங்கள் பக்கம் இன்னும் எத்தனை பைசன் இருக்கின்றன என்று கேட்டார். வந்த பதில்களைப் படித்து ஆடிப்போனார். கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை.

உடனே கிளம்பினார், மே மாதம் மொன்டானாவுக்கு. மைல்ஸ் சிட்டி வரை ரயில், அங்கிருந்து யெல்லோஸ்டோன் ஆற்றுக்கும் மிசௌரி ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் பொட்டல் காடு. வழியெல்லாம் எலும்புக்கூடுகள். அந்தப் பருவத்தில் பைசன் மயிர் உதிர்க்கும், தோல் பாடத்துக்கு ஆகாது. அதனால் அதிகம் சுடவில்லை. ஒரு கன்று மட்டும் உயிரோடு கிடைத்தது. செம்மண் நிறம், அதனால் சேண்டி என்று பேர் வைத்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகத்துப் புல்தரையில் கட்டி வளர்த்தார். சில மாதங்களில் செத்துவிட்டது, ஈரமான தீவனப் புல்லை அளவுக்கு மீறித் தின்றதால் என்று சொல்வார்கள்.

செப்டம்பரில் திரும்பவும் போனார், டிசம்பர் வரை அங்கேயே இருந்தார். இந்தமுறை சுட்டார், இருபதுக்கும் மேல். ஒருநாள் அடித்துப் போட்ட ஒரு காளையை மறுநாள் எடுக்கலாம் என்று விட்டுவிட்டு வர, ராத்திரியில் பூர்வகுடி ஆட்கள் வந்து தோலையும் இறைச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தலையை மட்டும் விட்டுவிட்டு, அதன் ஒரு பக்கத்துக்குச் சிவப்பும் மறுபக்கத்துக்கு மஞ்சளும் பூசி, கொம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். ஹார்னடேக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்கோ இதைப் படித்த அன்று வேறு எதுவும் ஓடவில்லை. அந்த விலங்குக்கு அந்த மண்ணில் முறையாக நடந்த கடைசி மரியாதைகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

கடைசியில் சுட்ட பெரிய காளையை உரிக்கும்போது அதன் உடம்புக்குள் வேறு வேறு அளவில் பழைய துப்பாக்கி ரவைகள் கிடந்தன. அதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் தப்பி வந்த விலங்கு.

அழியப்போகிறது என்று தெரிந்தும் ஏன் சுட்டார்? இவர் எப்படிக் காப்பாளர்?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும்.

அவருடைய வாதம் என்னவென்றால், நான் சுடாவிட்டாலும் அடுத்து வரும் மாட்டுப்பண்ணைக் கூலியாள் சுட்டுத் தோலை விற்கப்போகிறான், அந்தத் தோல் எங்கோ ஒரு தரைவிரிப்பாகிவிடும், என் கையில் கிடைத்தால் இப்படியொரு உயிர் இருந்தது என்று நூறு வருடம் கழித்துப் பிறக்கும் பிள்ளைக்குத் தெரியும். அந்தக் காலத்து இயற்கை அறிஞர்கள் நிறையப் பேர் இப்படித்தான் யோசித்தார்கள். உயிரோடு வைத்திருக்க முடியும் என்ற நினைப்பே அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை.

நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இருப்பதே சில நூறு என்று தெரிந்தபிறகு அதில் இருபதுக்கு மேல் சுடுவது தவறு, அதை மழுப்ப முடியாது. ஆனால் அவருக்குள் ஏதோ மாறியதும் அங்கேதான். போன மனிதர் அருங்காட்சியகத்துக்கு மாதிரி தேடிப் போனவர். திரும்பி வந்தவர், செத்த பைசனைக் காட்டினால் மட்டும் போதாது, உயிருள்ள மந்தை வேண்டும் என்று அடுத்த இருபது வருடம் அரசாங்கத்தின் உயிரை எடுத்தவர். சேண்டியைக் கையில் வளர்த்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் என்ன செய்தார்?

முதலில் கணக்கெடுத்தார். ஒரு விலங்கு எப்படி அழிந்தது என்பதை ஊர் ஊராக, வருடம் வருடமாக, பேர் சொல்லி எழுதிய பெரிய அறிக்கை ஒன்றை 1889-ல் வெளியிட்டார். அப்போது உலகத்தில் மிஞ்சியிருந்த பைசன்கள் மொத்தம் 1,091 என்று அதில் எழுதினார். அதில் கனடாவின் வடக்கே 550, கூண்டிலும் பண்ணையிலும் 256, யெல்லோஸ்டோன் பூங்காவில் 200. அமெரிக்கப் புல்வெளியில் யாருடைய பாதுகாப்பும் இல்லாமல் சுற்றியவை வெறும் 85. கோடிகளில் இருந்து 85.

அதே வருடம் வாஷிங்டனில் தேசிய விலங்குக் காட்சிசாலைக்கு நாடாளுமன்றம் அனுமதி தந்தது. அது ஹார்னடேயின் கனவு, ஆனால் மேலதிகாரி சாமுவேல் லாங்லியோடு ஒத்துப்போகவில்லை, 1890-ல் வேலையை விட்டுவிட்டார். சில வருடம் பஃபலோ நகரத்தில் மனை வியாபாரம். பிறகு நியூயார்க் விலங்கியல் கழகம் கூப்பிட்டது, பிராங்க்ஸ் காட்சிசாலை 1899 நவம்பர் 8 அன்று திறந்தது, அங்கே ஒரு பைசன் மந்தையை வளர்க்க ஆரம்பித்தார்.

1905-ல் அதே காட்சிசாலையில் அமெரிக்கப் பைசன் சங்கம் தொடங்கியது. ஹார்னடே தலைவர், ரூஸ்வெல்ட் கௌரவத் தலைவர்.

நியூயார்க்கிலிருந்து பைசன்களை ரயிலில் அனுப்பினார்களாமே, நிஜமா?

நிஜம். 1907 அக்டோபரில், பிராங்க்ஸில் வளர்ந்த 15 பைசன்களைத் தனித்தனிப் பெட்டியில் அடைத்து, ரயிலேற்றி, ஒக்லஹோமாவில் விச்சிட்டா மலைக் காட்டுக்கு அனுப்பினார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் தெற்கு மந்தை மேய்ந்த இடம்.

அவற்றைப் பார்க்க கோமாஞ்சி இனத் தலைவர் குவானா பார்க்கர் தன் மக்களோடு வந்தார். இளைஞராக இருந்தபோது, பைசனை அழித்துக்கொண்டிருந்த தோல் வேட்டைக்காரர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர் அவர். கூட வந்த கிழவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் பைசனைப் பார்த்திருக்கவில்லை, சின்னப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை, கதையாகக் கேட்டதுதான். இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். தம் பாட்டன் பூட்டன் வேட்டையாடிய விலங்கு, நியூயார்க்கில் பிறந்து, ரயிலில் வந்து இறங்குகிறது.

அந்தப் பதினைந்தின் வழிவந்த மந்தை இன்றும் அங்கே மேய்கிறது. அடுத்து 1908-ல் மொன்டானாவில் தேசியப் பைசன் சரகம், அதாவது பைசன்களுக்கென்று ஒதுக்கிய காப்பிடம், உருவானது. பைசன் வாங்கச் சங்கம் பொதுமக்களிடம் 10,000 டாலர் திரட்டியது. 1913-ல் தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் பூங்காவுக்கு 14 பைசன்கள் போயின.

அப்படியானால் பைசனைக் காப்பாற்றியது ஹார்னடே ஒருவர்தானா?

இல்லவே இல்லை. நான் ஹார்னடேயைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவன்தான், ஆனாலும் அந்தப் பெருமையை முழுசாக அவருக்குக் கொடுத்தால் அது பொய்.

அவர் மொன்டானாவில் தேடி அலைவதற்கு முன்னாலேயே பூர்வகுடி மக்களில் சிலர் கன்றுகளைப் பிடித்து வந்து தங்கள் நிலத்தில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் பகுதியில் அப்படி வந்த சில கன்றுகள்தான் மிஷெல் பாப்லோ, சார்லஸ் ஆலார்ட் என்ற இருவர் கையில் நூற்றுக்கணக்கான பைசன்கள் கொண்ட மந்தையாகப் பெருகின. டெக்சஸில் சார்லஸ் குட்நைட், அவர் மனைவி மேரி ஆன் குட்நைட் வளர்த்த மந்தை இருந்தது. பிராங்க்ஸ் காட்சிசாலைக்கும் சரி, பிறகு வந்த சரகங்களுக்கும் சரி, பைசன் வந்தது இப்படிப்பட்ட தனியார் மந்தைகளில் இருந்துதான்.

பாப்லோ தன் மந்தையை அமெரிக்க அரசுக்கே விற்க நினைத்தார். நாடாளுமன்றம் பணம் தரவில்லை. 1907-ல் கனடா வாங்கிக்கொண்டது. அடுத்த வருடமே அதே ஃபிளாட்ஹெட் மக்களின் நிலத்தில், அவர்கள் சம்மதம் இல்லாமல், ஒரு பெரிய துண்டை எடுத்து அமெரிக்க அரசு தேசியப் பைசன் சரகம் அமைத்தது. பைசனை வளர்த்தவர்களின் நிலத்தைப் பிடுங்கி, வேலி போட்டு, ஆலார்ட் வளர்த்த மந்தையின் வழிவந்த பைசன்களையே விலைக்கு வாங்கி உள்ளே விட்டார்கள். ஹார்னடேயின் சங்கம் இந்த வேலையில் முன்னால் நின்றது. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 2020 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, அந்தச் சரகம் சாலிஷ், கூட்டெனாய் இனங்களின் கூட்டமைப்புக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது.

சரி, ஹார்னடே செய்தது என்ன? ஆள் பிடித்தார், பணம் பிடித்தார், செய்தித்தாள்களில் எழுதினார், சட்டம் போட வைத்தார். தனித்தனியாகத் தப்பிப் பிழைத்த மந்தைகளை ஒரு நாட்டின் பொறுப்பாக மாற்றியதில் அவர் பங்கு பெரியது.

பைசன் தவிர வேறு எதற்காகவும் போராடினாரா?

நிறைய. வட பசிபிக்கில் கம்பளித் தோலுக்காகக் கடலிலேயே வைத்துச் சுடப்பட்ட கடல்நாய்களுக்காகச் சண்டை போட்டார். 1911-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா நான்கும் சேர்ந்து அந்தக் கடல் வேட்டையைத் தடை செய்தன. காட்டு விலங்குகளுக்காக உலக நாடுகள் செய்துகொண்ட முதல் பெரிய ஒப்பந்தங்களில் ஒன்று அது.

ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய பறவைச் சண்டை. அந்தக் காலத்தில் பணக்காரப் பெண்களின் தொப்பியில் கொக்கு இறகு வைப்பது நாகரிகம். இனப்பெருக்கக் காலத்தில் வெண்கொக்குக்கு முதுகில் வளரும் மெல்லிய இறகு இருக்கிறதே, அதற்காகக் கூட்டிலேயே தாய்ப்பறவையைச் சுட்டுவிட்டுப் போவார்கள், குஞ்சுகள் கூட்டில் பட்டினி கிடந்து சாகும். எடைக்கு எடை தங்கத்தைவிட விலை அதிகம் போன இறகு. ஹார்னடே 1913-ல் அழிந்துவரும் உயிர்களைப் பற்றிக் கோபம் கொப்பளிக்க ஒரு புத்தகம் எழுதி, நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோர் கைக்கும் போய்ச் சேரும்படி செய்தார். அதே வருடம் வந்த சுங்க வரிச் சட்டத்திலேயே காட்டுப்பறவை இறகுகளை இறக்குமதி செய்யத் தடையும் வந்தது. வலசைப் பறவைகளைக் காக்கும் முதல் மத்தியச் சட்டமும் 1913-ல்தான். அது பிறகு கனடாவுக்காகப் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தமாகவும், 1918-ல் இன்றுவரை நடைமுறையில் இருக்கும் சட்டமாகவும் வளர்ந்தது.

இது அவர் தனியாகச் சாதித்தது இல்லை. பறவைப் பாதுகாப்புக்காக ஏற்பட்ட ஆடுபான் சங்கங்களில் இருந்த பெண்கள் அவருக்குப் பல வருடங்கள் முன்பே அந்த இறகுத் தொப்பிகளுக்கு எதிராக வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார்கள்.

வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனிகளையும் அவர் விடவில்லை. ஒரே மூச்சில் பல ரவைகள் சுடும் துப்பாக்கியைப் பறவை வேட்டைக்குத் தடை செய்யச் சொன்னார். அந்தக் கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு காட்டுயிர் பாதுகாப்பு பேசுவதையும் எதிர்த்தார். இதனால் கூட இருந்தவர்களே நிறையப் பேர் பகையானார்கள். யாரோடும் ஒத்துப்போகத் தெரியாத மனிதர்.

எல்லா விலங்குகள் மேலும் இதே அக்கறை இருந்ததா?

இல்லை. ஓநாய், சில வகைப் பருந்து, வல்லூறு, பெரிய கொம்பு ஆந்தை போன்றவற்றைக் கெட்டவை என்றே எழுதினார், கொல்லலாம் என்றார். வேட்டையாடி உண்ணும் விலங்கு இல்லாவிட்டால் காட்டின் கணக்கே கெட்டுவிடும் என்ற புரிதல் அந்தத் தலைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை.

ஹார்னடே நம் ஊருக்கு வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார்! நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. ராச்செஸ்டர் நிறுவனத்துக்காக விலங்குகளைச் சேகரிக்க 1876-ல் கிளம்பி இந்தியா, இலங்கை, மலாயா, போர்னியோ என்று சுற்றினார். 1877-ல் ஆனைமலையில் முகாம் போட்டுப் பல மாதம் இருந்தார். அப்போது இங்கே தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணமே பட்டினியில் கிடந்த காலம்.

ஆனைமலையில் அவருக்குத் தடம் காட்டியவர்கள் மலசரும் காடரும். காட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், இவர் துப்பாக்கி பிடித்தவர். யானை, புலி, காட்டுமாடு எல்லாம் சுட்டார். மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பிறகு போர்னியோவில் 43 ஒராங்குட்டான்களைச் சேகரித்தார். சேகரித்தார் என்றால் சுட்டார் என்று அர்த்தம், பெரும்பாலும்.

இதில் ஒன்று என் மனதை விட்டுப் போவதில்லை. சென்னை மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைகளைப் பாதுகாக்கச் சட்டம் வந்துவிட்டது. அதனால் ஹார்னடே யானை சுட வேண்டும் என்றால் மாகாண அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஒரு காட்டு விலங்கைச் சுடுவதற்கு அரசாங்கத்திடம் போய் நிற்க வேண்டும் என்ற நிலையை, அமெரிக்கப் புல்வெளியில் பைசன்கள் கேட்பாரற்றுச் செத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், இவர் இங்கே பார்த்திருக்கிறார். அப்போது அது அவருக்கு வெறும் இடைஞ்சலாகத்தான் தெரிந்திருக்கும்.

ஓட்டா பெங்கா விவகாரம் என்ன?

இதைச் சொல்லாமல் ஹார்னடேயைப் பற்றி எழுதக் கூடாது.

ஓட்டா பெங்கா காங்கோவைச் சேர்ந்த முபூட்டி இன இளைஞர். சாமுவேல் வெர்னர் என்பவர் 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் "காட்டுமிராண்டிகளை" வேடிக்கை காட்டுவதற்காக அவரையும் வேறு சிலரையும் ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவந்தார். சுற்றிச் சுற்றி 1906-ல் அவர் பிராங்க்ஸ் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தார். செப்டம்பர் 8-ம் தேதி முதல், குரங்குகள் இருக்கும் கட்டடத்தில், ஒரு ஒராங்குட்டானோடு, அவரைக் கூண்டில் வைத்துக் காட்டினார்கள். கூண்டில் உயரம், எடை, பிறந்த இடம் எழுதிய பலகை. ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து பார்த்துச் சிரித்தது, குத்தியது, துரத்தியது. இயக்குநர் ஹார்னடே. அவர் ஒப்புதல் இல்லாமல் அது நடந்திருக்காது. விலங்கியல் கழகத்தின் செயலாளர் மேடிசன் கிராண்ட், இனவெறிக் கொள்கையைப் பரப்பியவர், அவருக்கும் முழுச் சம்மதம்.

எதிர்த்து நின்றவர்கள் நியூயார்க்கின் கறுப்பினப் போதகர்கள். புரூக்ளினில் கறுப்பினக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஜேம்ஸ் கார்டன் முன்னால் நின்றார். நகர மேயர் அவர்களைச் சந்திக்கக்கூட மறுத்தார். ஆனாலும் அவர்கள் விடவில்லை. சில நாளில் கூண்டுக் காட்சி நின்றது, அந்த மாதக் கடைசியில் ஓட்டா பெங்கா கார்டனின் இல்லத்துக்குப் போனார். பிறகு வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரத்தில் வாழ்ந்தார், புகையிலை ஆலையில் வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஏங்கினார், போர் வந்து கப்பல் வழி அடைபட்டது. 1916 மார்ச் 20 அன்று தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

ஹார்னடே மன்னிப்புக் கேட்கவில்லை. தான் செய்ததில் தப்பே இல்லை என்றே பேசினார். அந்தக் காட்சிசாலையை நடத்தும் கழகம் மன்னிப்புக் கேட்டது 2020 ஜூலையில், 114 வருடம் கழித்து.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்?"

இல்லை, எல்லோரும் அப்படி இல்லை. போதகர் கார்டனும் அந்தக் காலத்து மனிதர்தான், நியூயார்க் தெருவில் நடந்தவர்தான். அந்த வாரமே இது தவறு என்று ஹார்னடேயின் வாசலுக்கு வந்து சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் மேலே சொன்ன 1913 புத்தகத்திலும் இதே கோளாறு உண்டு. பறவைகள் அழிவதற்கு இத்தாலியில் இருந்து வந்த கூலிகளையும் தென்மாநிலக் கறுப்பின மக்களையும் இனம் சொல்லியே குற்றம் சாட்டியிருக்கிறார். பணக்கார வேட்டைக்காரர்களையும் திட்டினார், ஆனால் அவர்களை இனம் சொல்லித் திட்டவில்லை.

அப்படியானால் அவரை மதிக்கலாமா, கூடாதா?

அமெரிக்காவிலேயே அவர்களுக்குள் ஒரே முடிவு இல்லை. சாரணர் இயக்கம் பல பத்தாண்டுகளாக இயற்கைப் பாதுகாப்புக்கு ஹார்னடே பேரில் பதக்கம் கொடுத்து வந்தது, 2020-ல் அந்தப் பேரை எடுத்துவிட்டார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவில் ஹார்னடே மலை இன்னும் அதே பேரில்தான் இருக்கிறது.

பதக்கத்தில் இருந்து பேரை எடுத்தது சரி என்பது என் கருத்து. ஒரு கறுப்பினச் சிறுவன் அந்தப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய நிலையை யோசித்தால் போதும். ஆனால் வரலாற்றில் இருந்து அவரை எடுக்கக் கூடாது. ரயிலில் பைசன் அனுப்பியதற்கு ஒரு வருடம் முன்னால்தான் ஓட்டா பெங்காவைக் கூண்டில் வைத்தார். பைசனுக்குப் புல்வெளி வேண்டும் என்று புரிந்த அந்த மனிதருக்கு, எதிரில் கூண்டுக்குள் நின்ற இளைஞருக்கு வீடு வேண்டும் என்பது புரியவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டால் சொன்ன பாதியும் பொய்யாகிவிடும்.

இப்போது பைசன்கள் எத்தனை இருக்கின்றன?

பாதுகாப்புக்காகவே வளர்க்கப்படும் மந்தைகளில் சுமார் 20,000. இறைச்சிப் பண்ணைகளையும் சேர்த்தால் பல லட்சம். யெல்லோஸ்டோனில் மட்டும் ஏறக்குறைய 5,000 வரை இருக்கின்றன, 1902-ல் அங்கே எண்ணியபோது கிடைத்தது இரண்டு டஜன் கூட இல்லை. 2016-ல் பைசன் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டி என்று சட்டம் வந்தது. இப்போது நடக்கும் வேலைகளில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் தருவது, பூர்வகுடி இனங்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் நிலங்களுக்குப் பைசன்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான்.

1886-ல் சுட்ட அந்தப் பைசன்கள் என்ன ஆயின?

ஆறு பைசன்களைப் பாடம் செய்து, மொன்டானாவில் இருந்தே மண்ணும் புல்லும் கொண்டுவந்து, தண்ணீர் குடிக்க வந்து நிற்கிற மாதிரி ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் அமைத்தார். 1888-ல் திறந்தார்கள். எழுபது வருடம் கூட்டம் கூட்டமாக ஜனம் வந்து பார்த்தது.

1957-ல் அதைப் பிரித்தபோது, அடித்தளத்து மண்ணுக்குள் ஒரு சின்ன உலோகப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஹார்னடே கையால் எழுதிய கடிதம், 1888 மார்ச் 7 தேதியிட்டது, தனக்குப் பின்னால் அந்த வேலைக்கு வரப்போகிறவருக்கு. கிழக்காளையையும் இளம் பசுவையும் ஒரு வயதுக் கன்றையும் சுட்டது நான்தான் என்று எழுதியிருக்கிறார். நான் மண்ணோடு மண்ணான பிறகு இவற்றைக் கெடாமல் பார்த்துக்கொள், தங்கள் இனத்தில் கடைசியாக மிஞ்சியவற்றில் இவையும் சேர்த்தி என்று கெஞ்சியிருக்கிறார்.

அந்த ஆறும் பிறகு மொன்டானாவுக்கே போய்ச் சேர்ந்தன. இப்போது ஃபோர்ட் பென்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அதில் ரொம்பச் சின்னது, செம்மண் நிறத்தில் ஒரு கன்று, சேண்டி.